இரும்புள்ள பைரைட் அசையவில்லை, கார்னெட் அசைகிறதே?

கேள்வி: இரண்டு வருடமாகக் கனிமப் படிகங்கள் சேர்க்கிறேன். போன மாதம் நெல்லிக்காய் அளவில் கருஞ்சிவப்பு கார்னெட் ஒன்றும், ஸ்பெயினிலிருந்து வந்தது என்று சொல்லி ஒரு பைரைட் கனசதுரமும் வாங்கினேன். பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து என் மகன் கழற்றி வைத்திருந்த காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால், நூலில் தொங்கும் கார்னெட் அதன் பக்கம் சாய்கிறது. இரும்புக் கனிமமான பைரைட் அசையவே இல்லை. பிரிட்ஜில் ஒட்டும் காந்தத்துக்கு இரண்டுமே அசையவில்லை. கார்னெட் என்று இரும்பை வார்த்துச் சாயம் பூசிக் கொடுத்துவிட்டார்களா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: இந்தக் காரணத்துக்காகத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். நீங்கள் பார்த்த மூன்றுமே நல்ல கார்னெட்டும் நல்ல பைரைட்டும் நடந்துகொள்ளும் விதம்தான். இரும்பை வார்த்துச் செய்த கல்லாக இருந்தால் பிரிட்ஜ் காந்தமே பட்டென்று ஒட்டியிருக்கும்.

கருஞ்சிவப்பு கார்னெட் பெரும்பாலும் அல்மண்டைன் வகை. கலப்பில்லாத அல்மண்டைனின் எடையில் மூன்றில் ஒரு பங்கு இரும்புதான். பைரைட்டில் அதைவிட அதிகம், கிட்டத்தட்ட 47 சதவீதம். அப்படியிருந்தும் பைரைட் அசையாததற்குக் காரணம், இரும்பு அதற்குள் உட்கார்ந்திருக்கும் விதம். ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஜோடி சேர்ந்தால் ஒன்றின் காந்தத்தை மற்றது ஈடுகட்டிவிடும். பைரைட்டில் சுற்றியுள்ள கந்தக அணுக்களின் நெருக்கத்தால் இரும்பின் ஆறு வெளி எலக்ட்ரான்களும் மூன்று ஜோடியாகிவிடுகின்றன. காந்தம் பிடித்து இழுக்க எதுவும் மிச்சமில்லை. கார்னெட்டில் அதே இரும்பைச் சுற்றி ஆக்ஸிஜன் இருக்கிறது. இங்கே நெருக்கம் குறைவு, அதனால் நான்கு எலக்ட்ரான்கள் ஜோடியில்லாமல் தனித்து நிற்கின்றன. காந்தம் கிட்டே வரும்போது அவை அதன் பக்கம் திரும்புகின்றன, போனதும் பழையபடி கலைந்துவிடுகின்றன. அதனால்தான் கார்னெட் தானாக ஒரு காந்தமாக மாறுவதில்லை, பலமான நியோடிமியம் காந்தம் இல்லாமல் இந்த இழுப்பு தெரிவதும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது நியோடிமியம்தான்.

நம் தென்கடற்கரையின் கார்னெட் மணலைப் பிரிப்பதே இந்த குணத்தை வைத்துத்தான். காந்தப் பிரிப்பானில் அந்த மணலில் கலந்துள்ள இல்மனைட் என்ற கனிமம் எளிதாக ஒட்டும், கார்னெட்டுக்கு இன்னும் பலமான காந்தம் வேண்டும், சிர்க்கான், ரூட்டைல் என்ற மற்ற இரண்டு கனிமங்களும் ஒட்டாமல் போய்விடும். உங்கள் நூலில் நடந்ததும் அதேதான்.

இனி உங்கள் கல் கார்னெட்தானா என்று உறுதி செய்துகொள்ளலாம். சமையலறைத் தராசு போதும், ஆனால் 0.1 கிராம் வரை காட்டுவதாக இருக்கட்டும். முதலில் கல்லை எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியம் ஆக்கிவிட்டு, கல்லை மெல்லிய நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுதும் முங்கும்படி பிடியுங்கள். அடியிலோ ஓரத்திலோ படக் கூடாது, காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள். இப்போது தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுங்கள். கல் தண்ணீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்பது விடையாக வரும். கல் 17 கிராம், தண்ணீரில் காட்டியது 4.1 என்றால் விடை 4.1-க்குச் சற்று மேலே வரும். அது அல்மண்டைனுக்குப் பொருந்தும் எண். 2.5-ஐ ஒட்டி வந்தால் கண்ணாடி என்று சந்தேகப்படலாம், 2.65 குவார்ட்ஸ், 7-க்கு மேல் போனால் உங்கள் பயம் நியாயமானது. காந்தத்தைவிட இந்தக் கணக்கைத்தான் நான் அதிகம் நம்புவேன்.

பட்டை தீட்டிய சின்னக் கற்களுக்கு நூல் சரிப்படாது, மிதக்கவிட்டுப் பாருங்கள். பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர், அதில் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு தெர்மோகோல் துண்டு, அதன் மேல் கல். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். முதலில் கல் இல்லாமல் வெறும் தெர்மோகோலிடம் காந்தத்தைக் கொண்டுபோய், அது எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கல்லை வைத்து, காந்தத்தைப் பக்கவாட்டில் கல்லைத் தொடாமல் சில மில்லிமீட்டர் தூரத்தில் பிடித்துப் பொறுமையாக இருங்கள். கார்னெட் தெப்பம் மாதிரி மெல்ல நகர்ந்து வரும். மாணிக்கம் வராது, ஏனென்றால் அதற்கு நிறம் தரும் குரோமியம் மிகக் கொஞ்சம். முன்பொரு முறை மாணிக்கம் என்று என்னிடம் வந்த ஒரு பொட்டலச் சிவப்புக் கற்களை ஒவ்வொன்றாக இப்படி மிதக்கவிட்டேன். பாதிக்கு மேல் காந்தத்தின் பின்னாலேயே வந்தன. அத்தனையும் கார்னெட். ஆனால் ஒன்று: செயற்கை மாணிக்கமும் அசையாது. அதனால் காந்தம் கார்னெட்டைக் காட்டிக்கொடுக்குமே தவிர, அசையாத கல் இயற்கை மாணிக்கம் என்று சான்று தராது. கோமேதகமும் கார்னெட் குடும்பம்தான். அதில் இரும்பு குறைவு என்பதால் இழுப்பும் மெதுவாக இருக்கும்.

இரும்பு மட்டும்தான் இழுபடும் என்றும் நினைக்க வேண்டாம். மாங்கனீசுக்கு ஐந்து எலக்ட்ரான்கள் தனித்து நிற்கின்றன, அதனால் ரோஜா நிற ரோடோக்ரோசைட்டும் ஆரஞ்சு ஸ்பெஸ்ஸார்டைன் கார்னெட்டும் நன்றாகவே இழுபடும்.

உங்கள் பைரைட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வட ஸ்பெயினில் லா ரியோகா பகுதியிலுள்ள நவஹூன் சுரங்கம் கூர்மையான பைரைட் கனசதுரங்களுக்குப் பேர்போனது. அவை காந்தத்துக்கு அசையாமல் இருப்பதுதான் முறை. ஒரு பைரைட் துண்டு இழுபட்டால், அதனோடு பிர்ரோடைட்டோ, காந்தத்தில் பலமாக ஒட்டும் இரும்புக் கனிமமான மாக்னடைட்டோ கலந்திருக்கலாம். பிர்ரோடைட்டிலும் இரும்பும் கந்தகமும்தான், ஆனால் சில இடங்களில் இரும்பு அணு இருக்க வேண்டிய இடம் காலி. அந்தக் காலியிடங்கள் ஒழுங்காக அமைந்துவிட்டால் எதிரெதிர் இழுப்புகள் சமமாகாமல் ஒரு பக்கம் மிஞ்சிவிடும், கல் காந்தத்தில் ஒட்டும். வெண்கல நிறமும் அறுகோணத் தகடு வடிவமும் அதன் அடையாளம்.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை. படிகத்தின் ஒரு மூலை மட்டும் இழுபட்டால், பாறையிலிருந்து எடுத்தபோது உளியிலிருந்து சிதறிய எஃகுத் துகளாக இருக்கலாம். ஒட்டும் டேப்பை அழுத்தி எடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

இனி எது வாங்கினாலும் எந்தப் பகுதி இழுபடுகிறது என்று பாருங்கள். நாசிக், ஜல்காவ், புனே பக்கத்திலிருந்து வரும் பச்சை அபோஃபிலைட், ஸ்டில்பைட் கொத்துகளில் பலருக்கு இந்தக் குழப்பம் வரும். படிகத்துக்கும் காந்தத்துக்கும் சம்பந்தமே இருக்காது, அடியிலுள்ள கருப்பு பசால்ட் பாறையின் மாக்னடைட் துணுக்குகள்தான் இழுபடும்.

உண்மையான ஏமாற்று வேறிடத்தில் இருக்கிறது. ‘காந்த ஹெமடைட்’ என்று கைக்காப்புக்கும் மாலைக்கும் விற்கும் பளபளப்பான கருப்பு மணிகள் ஒன்றையொன்று துள்ளிப் பிடிக்கும். ஹெமடைட் என்பதும் ஓர் இரும்புக் கனிமம்தான், ஆனால் இயற்கை ஹெமடைட்டின் இழுப்பு மிக லேசானது, இப்படித் துள்ளாது. அந்த மணிகள் தொழிற்சாலையில் செய்த ஃபெரைட் காந்தங்கள். அவை நோயைத் தீர்க்கும் என்று சொல்லி விற்பதைக் கேட்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. தயவுசெய்து அதற்காகப் பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக மகனிடம் சொல்ல வேண்டியது. நியோடிமியம் காந்தங்கள் இரண்டு சேர்ந்து மோதினால் விரலை நசுக்கும், உடைந்து சில்லு தெறிக்கும். இரண்டை விழுங்கிவிட்டால் குடலையே துளைத்துவிடும், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்களின் பக்கத்திலும் கொண்டுபோக வேண்டாம்.