கேள்வி – பதில்: இணை அமைச்சரால் என்ன ஆகும்?

கிரானைட் பட்டறைக் கணக்கர், கிருஷ்ணகிரி: எங்கள் பலகைகளுக்கு ஜி.எஸ்.டி.யைக் குறைக்கச் சொல்லி, ஒன்றிய நிதித்துறை இணை அமைச்சரிடம் மனு கொடுத்தால் பலன் உண்டா?

கொடுக்கலாம். ஆனால் அவர் கையெழுத்தால் விகிதம் மாறாது. விகிதத்தைப் பரிந்துரைப்பது ஒன்றிய, மாநில அமைச்சர்கள் அடங்கிய ஜி.எஸ்.டி. கவுன்சில். அரசியலமைப்பில் 2016-இல் வந்த 279ஏ பிரிவின்படி அதற்குத் தலைவர் ஒன்றிய நிதி அமைச்சர். வருவாய் அல்லது நிதிப் பொறுப்பிலுள்ள இணை அமைச்சர் ஓர் உறுப்பினர். ஒரு இளைய அமைச்சருக்கு அரசியலமைப்பே நாற்காலி போட்டிருப்பது அபூர்வம்தான். ஆனாலும் அவருக்கென்று தனி ஓட்டு எடை கிடையாது. ஓட்டெடுப்பு நடந்தால் ஒன்றிய அரசுக்கு மொத்தமாக மூன்றில் ஒரு பங்கு, மாநிலங்களுக்கு மூன்றில் இரண்டு. தீர்மானம் நிறைவேற முக்கால் பங்கு வேண்டும். ஆக, ஒன்றியம் மறுத்தால் எல்லா மாநிலங்களும் சேர்ந்தாலும் முடியாது. பெரும்பாலும் ஓட்டுக்கே போவதில்லை. முதல் ஓட்டெடுப்பு 2019 டிசம்பரில், லாட்டரி வரிக்காக நடந்தது.

கவுன்சிலுக்கு முன்பே ஒன்றிய, மாநில அதிகாரிகள் அடங்கிய ஃபிட்மென்ட் கமிட்டி கோரிக்கையை அலசும். மனு தடுக்கி விழும் இடம் அதுதான். எச்.எஸ்.என். எண் (சரக்கின் வகையைக் குறிக்கும் எண்), இப்போதைய விகிதம், நீங்கள் வாங்கும் பிளாக், பிளேடு, பாலிஷ் கற்களுக்குக் கட்டும் வரி, விகிதத்தைக் குறைத்தால் ஈடுகட்ட முடியாமல் தேங்கும் உள்ளீட்டு வரி (வாங்கும்போது கட்டிய வரி) எவ்வளவு என்ற கணக்கு, எல்லாம் இருக்கட்டும். ஒரு நகலை மாநில வணிகவரித் துறைக்கும் அனுப்புங்கள்.

கல்லூரி மாணவி, பாலக்கோடு: துணை அமைச்சர் என்பவரும் இவரும் ஒன்றா?

இல்லை. கேபினட், இணை, துணை என்று மூன்று படிகள். தாரகேஸ்வரி சின்கா நேரு காலத்தில் நிதித் துணை அமைச்சர். ஏழைகளுக்கு வங்கிக் கடனைக் கூட்டம் கூட்டி வழங்கிய கடன் மேளாக்களால் பேசப்பட்ட ஜனார்த்தன பூஜாரி 1982-இல் துணையாக வந்து பிறகு இணையானார். இப்போது துணை அமைச்சர் பதவி வழக்கொழிந்துவிட்டது. தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி ராமச்சந்திரன், எஸ்.எஸ். பழனிமாணிக்கம், பொன். ராதாகிருஷ்ணன் ஆகியோர் நிதித்துறை இணை அமைச்சர்களாக இருந்தவர்கள். நிர்மலா சீதாராமனும் 2014-இல் சில மாதங்கள் இதே நாற்காலியில் இருந்தவரே.

நிதி அமைச்சகத்துக்குள் எந்தத் துறை யாருக்கு என்பது பணிப் பகிர்வு ஆணையில் இருக்கும்; அதைப் பொறுத்துத்தான் கோப்பு இணை அமைச்சர் மேசைக்கு வரும். நாடாளுமன்றத்தில் எழுத்துப்பூர்வ விடைகள் பெரும்பாலும் இணை அமைச்சர் பெயரில்தான் வரும்.

ஓய்வூதியர், அரூர்: வங்கிப் புகாரை அவருக்கே எழுதலாமா?

எழுதினால் நிதிச் சேவைகள் துறை வழியாக அதே வங்கிக்குத்தான் திரும்பி வரும். முதலில் வங்கிக்கு எழுத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை.