வயசாளிப் பெயரும் பன்னிரண்டாவது டிவிஷனும்

கேள்வி: என் மகனுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. என் தகப்பனாரின் பெயரான ஞானசம்பந்தன் என்பதைப் பேரனுக்கு வைக்க ஆசைப்படுகிறேன். மருமகளோ அது வயசாளிப் பெயர், கேட்டாலே வேட்டியும் மூக்குக்கண்ணாடியும்தான் கண்ணுக்குள் வருகிறது என்கிறார். அவர் தெரிவு செய்திருப்பது டிவிஷான். எண் சோதிடர் கூட்டுத்தொகை 5 வரவேண்டும் என்கிறார். ஒரு பெயரைக் கேட்டவுடன் ஏன் ஓர் உருவம் மனதில் வருகிறது? கம்பீரமான ஆண் பெயர் ஒன்றை நீங்களே சொல்லுங்கள்.
– பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், உப்புவெளி

பதில்: பெயரைப் பற்றிக் கேட்டுவிட்டுத் தன் பெயரைப் போடவேண்டாம் என்கிறீர்கள். வீட்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பது விளங்குகிறது. சரி.

முதலில் அந்த டிவிஷானைப் பார்ப்போம். திருகோணமலை மாவட்டத்தில் பிரதேச செயலர் டிவிஷன் ஏற்கெனவே 11 இருக்கிறது. உங்கள் பேரன் பன்னிரண்டாவது. பள்ளிக்கூடத்தில் முதல் நாளே தொடங்கும். "தம்பி, பேர் என்ன?" "டிவிஷான்." "அது சரி, எந்த டிவிஷன்?" "பட்டினமும் சூழலும்." "பேரைச் சொல்லடா!" "டிவிஷான், டீச்சர்." பெரியவனாகி அரசாங்கப் படிவம் நிரப்பப் போனால் பெயர்க் கட்டத்தையும் பிரிவுக் கட்டத்தையும் மாறி நிரப்பிவிட்டாய் என்று கிளாக்கர் திருப்பி அனுப்புவார். தம்பலகாமத்தில் பெண் எடுத்தால் இரண்டு டிவிஷனை இணைத்த கணக்கில் வர்த்தமானி அறிவித்தல் போடவேண்டி வரும். மூன்று பிள்ளைகள் பிறந்தால் உப அலுவலகம் திறக்கலாம்.

மருமகள் என்னைக் கோபிக்கவேண்டாம். அவர் சொன்ன 'வயசாளிப் பெயர்' என்பதைத்தான் நான் பிடித்துக்கொள்ளப் போகிறேன். ஏனென்றால் உலகத்தில் வயசாளி ஆகவே முடியாத பெயர் ஒன்று உண்டென்றால் அது ஞானசம்பந்தன். அந்தப் பெயரின் சொந்தக்காரர் சீர்காழியில் மூன்று வயதில் பாடத் தொடங்கினார். பதினாறு வயதில் தன் கலியாணத்தன்றே சோதியில் கலந்தார். மீசை அரும்பியிருந்தால் பெரிய காரியம். நம்முடைய கோணமாமலைக்கும் ஒரு பதிகம் பாடியிருக்கிறார். இராமேசுவரத்தில் நின்றபடியே பாடினார் என்பது மரபு. சைவக் கோயில்களில் நால்வர் வரிசையைப் பாருங்கள், சம்பந்தர்தான் கட்டையாக, குழந்தையாக நிற்பார்.

அப்படியிருக்க, திருகோணமலைக்காரரிடம் போய் 'சம்பந்தன்' என்று சொல்லிப் பாருங்கள். யாருக்காவது பால் குடிக்கிற குழந்தை ஞாபகம் வருமா? 1977இல் முதல் தடவை பாராளுமன்றம் போய், 2024இல் தனது 91 வயதில் காலமான இரா. சம்பந்தன்தான் வருவார். வெள்ளை வேட்டி, மூக்குக்கண்ணாடி, நிதானமான பேச்சு. உங்கள் மருமகளின் கண்ணுக்குள் வந்த வேட்டியும் கண்ணாடியும் எங்கிருந்து வந்தன என்று இப்போது தெரிகிறதா? பெயருக்கு வயது கிடையாது. நமக்குப் பழக்கமான ஆளுக்குத்தான் வயது.

இதே ஊரில் இன்னோர் உதாரணம் இருக்கிறது. 1622இல் கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அந்தக் கல்லையே கொண்டு கட்டிய கோட்டைக்கு, 1803இல் பிரித்தானியர் தங்கள் இளவரசர் யோர்க் கோமகன் பிரெட்றிக்கின் பெயரை வைத்தார்கள். ஜேர்மன்காரருக்கு அந்தப் பெயரைக் கேட்டால் ஓர் அரசர் ஞாபகம் வரலாம். எனக்கு மான்தான் வரும். கோட்டை வாசலில் நின்று, கோயிலுக்குப் போகிறவர்களின் அர்ச்சனைத் தட்டை மூக்கால் தட்டிப் பார்த்து, வாழைப்பழம் இருந்தால் பாதித் தோலோடு இழுத்துக்கொண்டு போகும் புள்ளிமான். கிறிஸ்தவ நண்பர் ஒருவர் மகனுக்கு பிரெட்றிக் என்று வைத்தபோது, குழந்தையின் கண் பெரிதாக இருக்கிறதோ என்று நான் உற்றுப் பார்த்தேன். தகப்பனுக்கு விளங்கவில்லை.

டிவிஷானுக்கும் ஒரு நாள் வயது போகும். கந்தையாவும் வேலுப்பிள்ளையும் தங்கள் பிள்ளைகளுக்கு விக்னேஸ்வரன், ஜெகதீஸ்வரன் என்று வைத்தபோது அதுதான் நாகரிகம். பிறகு ஈஸ்வரன்மார் எல்லாரும் தகப்பன்மாராகி, காந்தன், ரூபன், சீலன் என்று வாலை மாற்றினார்கள். இப்போது ரூபன்மாரின் பேரப்பிள்ளைகள் வருகிறார்கள், எல்லாம் 'ஷன்'. பின்னேரம் டச்சுக்குடாக் கடற்கரையில் ஒரு தாய் "...ஷன்! தண்ணிக்குள்ள போகாதை!" என்று கத்தினால், பெயரின் முன்பாதி காற்றில் போய்விடும், நாலு பொடியன்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஐந்தாவது ஆள் தண்ணிக்குள் போய்விடுவான், அவன்தான் மகன். 2090 வாக்கில் கோயில் ரியூப் லைட்டில் 'உபயம்: டிவிஷான் குடும்பம்' என்று வெளிச்சத்தை மறைத்து எழுதியிருக்கும். அதற்கும் பிறகு கல்வெட்டு, அதாவது இறந்தவரின் நினைவுப் புத்தகம் அடிப்பார்கள், அதில் இறந்த திதியைச் சொல்லும் வெண்பா வேண்டும். அங்கேதான் என் பழைய எதிரி வருகிறார்.

இந்தப் பக்கத்தில் 'டொக்டர்' என்று அச்சிட்ட ஒவ்வொரு தடவையும் எனக்குக் கண்டனக் கடிதம் எழுதிய புலவர் ஒருவர் இருக்கிறார். டகரம் தமிழில் மொழிக்கு முதலில் வராது, ஆகவே நான் தமிழ்த் துரோகி. இலக்கணத்தில் அவர் சொல்வது சரி. ஆனால் காய்ச்சல் வந்தால் அவரும் டொக்டரிடம்தான் போகிறார். அவர் கையில் உங்கள் பேரனின் பெயர் கிடைத்தால் முன்னால் ஓர் இகரம் போடுவார், ஷாவைச் சாவாக்குவார். 'இடிவிசான்'. மங்களகரமாக இருக்கிறதா?

ஓசைக்கும் ஒரு பங்கு இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். 1929இல் கோலர் என்ற ஜேர்மன் உளவியலாளர், வளைந்த உருவம் ஒன்றும் கூரான உருவம் ஒன்றும் வைத்துக்கொண்டு, 'பலுபா', 'தகேதே' என்ற அர்த்தமில்லாத இரண்டு சொற்களில் எது எதற்குப் பொருந்தும் என்று எழுதினார். பலுபா உருண்டை, தகேதே கூர். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, இல்லையா? அந்தக் கணக்கில் ஞானசம்பந்தனைப் பாருங்கள்: எட்டு எழுத்தில் ஐந்து மெல்லினம். கன்னம் உப்பிய பிள்ளைக்கு அளவெடுத்துத் தைத்த பெயர்.

ஆனால் கதை வந்து மேலே ஏறி உட்கார்ந்தால் ஓசை எடுபடாது. இராவணன் என்ற பெயரை எழுத்துக் கூட்டிப் பாருங்கள். ஒரு வல்லினம்கூட இல்லை. இராமனைப் போலவே முன்னால் நிற்கும் இகரத்தை விட்டால் முழுக்க இடையினமும் மெல்லினமும். தாலாட்டுக்கு ஏற்ற பெயர். கேட்டவுடன் வருவதோ பத்துத் தலை. இந்த ஊரில் அவருக்கு மலையில் 'இராவணன் வெட்டு' என்று ஒரு பாறைப் பிளவு இருக்கிறது, தாயின் கிரியைக்காக உண்டாக்கினார் என்று கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு இருக்கிறது, கோணேசர் கோயிலடியில் சிலை இருக்கிறது. சம்பந்தர்கூடப் பதிகத்துக்குப் பதிகம் எட்டாம் பாட்டில் அவரைக் கூப்பிடாமல் விடுவதில்லை. 'இராவணன் மேலது நீறு' என்று திருநீற்றுக்கே சாட்சிக்கு இழுத்திருக்கிறார். தாய்க்குப் பிள்ளையாக, சிவனுக்கு அடியாராக இருந்த மனுசன். என்ன பிரயோசனம்? மகனின் பெயரான இந்திரஜித்தை வைக்கிறார்கள், தகப்பன் பெயரை வைக்க ஆளில்லை. 2019இல் இலங்கை விண்ணுக்கு அனுப்பிய முதல் செய்மதிக்கு 'ராவணா-1' என்று வைத்தார்கள். அதன் நிறை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். மூன்று கிலோப் பிள்ளைக்கு வைக்கத் துணிவில்லை, ஒரு கிலோப் பெட்டிக்கு வைத்து ஆளை நாட்டைவிட்டே அனுப்பிவிட்டார்கள். இதைப்பற்றி நான் இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன்.

கம்பீரமான பெயர் சொல்லச் சொல்கிறீர்கள். சொல்லமாட்டேன். நான் எதைச் சொன்னாலும் வீட்டில் அவனைக் குட்டி, அப்பன், தம்பி என்றுதான் கூப்பிடப் போகிறீர்கள். கம்பீரம் எல்லாம் இடாப்பில்தான் இருக்கும்.

எண் சோதிடரின் 5க்கு வருவோம். அவர்கள் கணக்கு எனக்கும் தெரியும். ஆங்கில எழுத்துகளுக்கு 1 முதல் 8 வரை இலக்கம். டிவிஷானைச் சாதாரணமாக எழுதினால் 26, அதாவது 8. சனி. பதறிப்போய் டிக்குப் பின்னால் ஓர் எச்சும் கடைசியில் இன்னுமோர் ஏயும் போடச் சொல்லியிருப்பாரே? 32, அதாவது 5. தமிழில் ஓர் எழுத்தும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். நவக்கிரகங்கள் ஆங்கிலம் மட்டும்தான் வாசிக்கும் போலிருக்கிறது.

சும்மா இருக்கிற நேரத்தில் உங்கள் தகப்பனாரின் பெயரையும் கூட்டிப் பார்த்தேன். நம் ஊர் வழக்கப்படி பியும் ரிஎச்சும் போட்டு எழுதினால் 52, அது 7; உதவாது. இந்தியாவில் எழுதுவதுபோல 'ப'வுக்கு பியின் அண்ணன் பீ, அதாவது ஏ, பீ, சியில் வருகிற பீ, 'த'வுக்கு டி. அவ்வளவுதான். 41. நாலும் ஒன்றும் ஐந்து. அந்த வழக்கமான எழுத்தில் சோதிடருக்காக எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. இந்தச் சங்கதியை நீங்கள் சொல்லவேண்டாம், சோதிடர் வாயால் மருமகளுக்குச் சொல்லச் சொல்லுங்கள். பிறப்பைப் பதிய 42 நாள் தவணை. உங்கள் கடிதத்தில் திகதி இல்லை, ஆகவே நாளைக்கே போங்கள்.