ஒரு ஏக்கர் எவ்வளவு தரும்?

வணக்கம்.

சிறு விவசாயம்தான் நிலைக்கும் என்று தொடர்ந்து எழுதுகிறீர்கள். 800 கோடி வயிறுகளைப் பெரிய பண்ணைகளும் ரசாயன உரமும் இல்லாமல் நிரப்ப முடியுமா? 2021இல் இலங்கை உரத்தைத் தடை செய்து பட்ட பாட்டைப் பார்த்தோமே. எனக்கு இரண்டு ஏக்கர் இருக்கிறது. உங்கள் பேச்சை நம்பி இறங்கத் தயக்கமாக இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

இலங்கையிலிருந்தே தொடங்குகிறேன். ஏப்ரலில் ஒரே அறிவிப்பில் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை. நவம்பரில் விலக்கிக்கொண்டார்கள், ஆனாலும் அந்தப் பருவத்து நெல்லைக் காப்பாற்ற முடியவில்லை. பல பத்தாண்டுகளாக யூரியாவுக்குப் பழகிய மண் திரும்பி எழச் சில வருடங்களாவது வேண்டும். ஒரு பருவம்கூடத் தராமல் விவசாயியைத் தண்டித்தார்கள். அந்த அவசரத்தை நான் எங்கும் ஆதரிக்க மாட்டேன்.

சரி, வயிற்றுக் கணக்குக்கு வருவோம். 2 ஹெக்டேருக்கும் சிறிய பண்ணைகளிடம் இருப்பது உலக விவசாய நிலத்தில் சுமார் 12 சதவீதம். உலக உணவில் அவை தருவதோ சுமார் 35 சதவீதம் என்கிறது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு. பெரிய பண்ணை ஓர் ஆள் எவ்வளவு நிலத்தைப் பார்க்கிறார் என்று கணக்குப் போடும். சிறு விவசாயி, இந்தத் துண்டு நிலம் எவ்வளவு தரும் என்று பார்ப்பார். அறுவடை இயந்திரம் ஓட வேண்டுமானால் வயல் முழுக்க ஒரே பயிர் நிற்க வேண்டும். கையால் பார்க்கிற நிலத்தில் மக்காச்சோளத்துக்கு நடுவே பயறு ஏறும். பயற்று வேர் முடிச்சில் இருக்கும் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும். அதே நைட்ரஜனைப் பிடிக்க உர ஆலைக்குக் கடும் வெப்பமும் அழுத்தமும் வேண்டும், பெரும்பாலும் இயற்கை எரிவாயுவும் வேண்டும். அதனால்தான் எரிவாயு விலை ஏறினால் உர விலையும் ஏறுகிறது. இன்று உலகில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாப்பாடு ஆலை நைட்ரஜனை நம்பியிருக்கிறது என்பதை மறுக்கவில்லை. எனக்குப் பயமே அதுதான்.

இன்னொரு பயமும் உண்டு. 1970இல் அமெரிக்க மக்காச்சோள வயல்களில் பெரும்பாலானவற்றில் ஒரே மரபுக்கூறு கொண்ட வீரிய விதை. இலைக்கருகல் பூஞ்சை ஒன்று அந்தக் கூறு இருந்த செடிகளையே குறிவைத்துப் பரவியது. அந்த ஆண்டு விளைச்சலில் சுமார் 15 சதவீதம் போயிற்று. ஐந்து விதமான விதை நிற்கிற வயலில் நோய் வந்தாலும் எல்லாம் ஒன்றாகச் சாய்வதில்லை.

உங்கள் இரண்டு ஏக்கருக்கு வருகிறேன். முழுவதையும் மாற்றாதீர்கள். அரை ஏக்கரில் முதலில் பசுந்தாள் உரப் பயிர் விதைத்து, அது பூக்கும் நேரத்தில் மண்ணுக்கே உரமாக மடக்கி உழுங்கள். அப்புறம் பயறும் தானியமும் கலந்து போடுங்கள். மீதி ஒன்றரை ஏக்கரில் வழக்கம்போல் உரம் போடுங்கள், தவறில்லை. இரண்டு பக்கமும் செலவையும் வரவையும் ஒரே நோட்டில் எழுதி வாருங்கள். மூன்றாம் வருடம் அந்த நோட்டோடு எனக்கு எழுதுங்கள்.