தடுப்பூசிக்குப் பின் கால்கள் மரத்துப்போனால் கடலூரில் இழப்பீடு கோருவது எப்படி?

வணக்கம் ஐயா. பணம் கட்டித் தனியார் மருத்துவமனையில் தடுப்பூசி போட்ட பத்தாம் நாளில் உங்கள் தம்பிக்குக் கால்கள் மரத்துப்போய், பதினான்கு மாதமாகியும் நடக்க இயலவில்லை, கடலூரில் எங்கே முறையிடுவது என்று கேட்டிருந்தீர்கள். படித்ததும் மனம் கனத்துவிட்டது.

முதலில் காலக்கெடுவைக் கவனியுங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு செய்ய வேண்டும். வசிக்கும் மாவட்டத்திலேயே செய்யலாம். எல்லோருக்கும் இலவசமாகப் போடும் அரசு மருத்துவமனையாக இருந்திருந்தால் அதன்மீது இந்த வழியில் செல்ல முடியாது. ஆகவே கட்டண ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ஊசிக்குப் பின் நோய் வந்தது என்பது மட்டுமே ஊசியால் வந்தது என்பதற்குச் சான்றாகாது. மருந்தில் குறைபாடு அல்லது போட்டவரிடம் கவனக்குறைவு இருந்ததையும் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், நரம்பியல் மருத்துவரின் எழுத்துபூர்வமான கருத்தும், நரம்புகள் சைகைகளைச் சரியாகக் கடத்துகின்றனவா என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனையின் அறிக்கையும், மருந்தின் தொகுதி எண்ணும் (பேட்ச் எண்) அவசியம். என் அக்கா மகனின் தடுப்பூசி அட்டையில் அந்த எண் வியர்வை பட்டு அழிந்து, '4' மட்டும் மிஞ்சியிருந்தது. அதற்காக மாதக்கணக்கில் அலைந்தோம். தயவுசெய்து இன்றே படமெடுத்து வையுங்கள்.

மருத்துவப் பதிவேடுகளை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது விதி. மாவட்ட சுகாதார அலுவலகத்திலும் பக்கவிளைவைப் பதிவு செய்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.