வயல் பிளாட் ஆகாம தடுக்க வழி இருக்கா? கேட்டவங்களுக்கு என் பதில்

நகர் ஊரமைப்பு ஃபைலோட ரொம்ப வருஷம் மாரடிச்சுட்டு ரிட்டயர்டு ஆனவன் நான். விவசாய நிலம், லேஅவுட் (மனைப்பிரிவு), பஞ்சாயத்து அனுமதி பத்தி கேக்கலாம்னு சொல்லியிருந்தேன், வந்த கேள்விங்க கீழ.

மன்னார்குடி தம்பி: சார், எங்க ஊரு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்தானே, அப்புறம் எப்படி ரோட்டோரம் பூரா பிளாட் போடுறாங்க?

தம்பி, முக்கால்வாசி பேர் ஏமாந்து போற இடம் இதுதான். 2020 பிப்ரவரில வந்த சட்டம் அது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் (மயிலாடுதுறை அப்ப நாகைக்குள்ளதான்), அதுபோக கடலூர், புதுக்கோட்டைல சில ஒன்றியங்கள். தடை பட்டியல எடுத்து படிங்க: எண்ணெய் எரிவாயு எடுக்கறது, மீத்தேன், ஷேல் கேஸ், காப்பர் துத்தநாகம் அலுமினியம் உருக்காலை, தோல் தொழிற்சாலை, கப்பல் உடைக்கறதுன்னு போகும். மனை பிரிக்கறது அதுல இல்லவே இல்ல. புது எண்ணெய்க் கிணறு வராது, ஆனா "ஸ்ரீ ஏதோ நகர்"னு ஆர்ச் வெச்சா அந்தச் சட்டம் ஒண்ணும் பண்ணாது.

ஒரு அக்கா, பேர் வேண்டாம்னாங்க: அப்ப எதுதான் தடுக்கும்?

மாஸ்டர் பிளான் (எந்த நிலம் எதுக்குன்னு அரசு போட்ட திட்டம்) இருக்கற ஏரியான்னா அந்த பிளான்ல உங்க சர்வே நம்பர் விவசாய உபயோகம்னு இருக்கான்னு பாருங்க, அத மாத்தணும்னா தனியா நில உபயோக மாற்றம் வாங்கணும், அதுக்கு பேப்பர்ல அறிவிப்பு குடுத்து ஆட்சேபணை கேப்பாங்க, அந்த சின்ன விளம்பரத்த யாரும் படிக்கறதில்ல. பிளான் இல்லாத கிராமம்னா நகர் ஊரமைப்புச் சட்டம் 47-ஏ. விவசாய நிலத்த வேற எதுக்கு மாத்தினாலும் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) இயக்குநர் இசைவோட உள்ளாட்சி அனுமதி குடுக்கணும். கிராம ஊராட்சில அந்த செயல் அதிகாரம் தலைவர்கிட்டதான். அதிகாரம் இருக்கு, எந்த வயல தொடவே கூடாதுன்னு ஊர்வாரியா ஒரு லிஸ்ட் இல்ல. அதனால ஒவ்வொரு மனுவும் தனித்தனியா வருது, தனித்தனியா பார்த்தா எல்லாமே "ரெண்டு ஏக்கர்தானே சார்".

கும்பகோணம் பக்கத்துல இருந்து: கிராம சபைல தீர்மானம் போட்டா லேஅவுட் நின்னுடுமா?

தானா நிக்காது. ஆனா எப்படி எழுதறீங்கன்றதுல விஷயம் இருக்கு. "எங்க ஊருக்கு பிளாட் வேண்டாம்"னு எழுதினா அது ஃபைல்ல தூங்கும். எந்த சர்வே எண், அது வழியா எந்த வாய்க்கால் போகுது, கீழ எந்தெந்த வயலுக்குப் பாயுது, எஃப்எம்பி (புல வரைபடம்) காப்பி, அடங்கல்ல (விஏஓ எழுதற பயிர்க் கணக்கு) போன போகம் என்ன பயிர்னு சேர்த்துக் குடுத்தா ஆபீசர் அத தாண்டிப் போக பதில் எழுதியாகணும். நான் பார்த்த வரைக்கும் வாய்க்கால்தான் பெரிய ஆயுதம். பிளாட்காரங்க நாலடி கிராவல் கொட்டி மேடாக்குவாங்க, வாய்க்காலுக்கு பேருக்கு ஒரு சிமெண்ட் குழாய் புதைப்பாங்க, அதுவும் அடிமட்டத்துக்கு அரை அடி மேல. மேல் வயல்ல தண்ணி வடியாம நாத்து அழுகும், கீழ் வயலுக்கு தண்ணியே வராது. ரெண்டு வருஷம் பார்த்துட்டு அந்த ஆளுங்களும் வித்துடுவாங்க. ஒரு லேஅவுட் மூணா ஆகறது இப்படித்தான். ஆர்ச் வந்தப்புறம் சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல, ஜனவரி 26, மே 1னு கிராம சபை வரும்போதே, மனு வர்றதுக்கு முன்னாடியே பதிவு பண்ணிடுங்க.

கோபமா ஒருத்தர்: 3 ஏக்கர் நஞ்சை வெச்சிருக்கேன், நட்டம்தான் மிச்சம். விக்கக் கூடாதுன்னு சொல்ல நீங்க யாரு சார்?

நான் சொல்ல மாட்டேன் அண்ணே, உங்க கோபம் நியாயம். நிலத்த காப்பாத்தறது ஊருக்கு லாபம்னா அதோட செலவ நீங்க மட்டும் சுமக்கறது தப்பு. தடை மட்டும் போட்டு நெல்லுக்கு விலையும் தண்ணியும் குடுக்காத எந்த திட்டமும் ஓட்டை வழியா ஒழுகிடும்.

பாலக்காடு பார்டர்ல இருந்து: கேரளால பரவாயில்லையா?

காகிதத்துல நம்மள விட மேல. 2008 நெல்வயல் பாதுகாப்புச் சட்டப்படி பஞ்சாயத்து தலைவர் தலைமைல ஒரு கமிட்டி, கிருஷி ஆபீசர் (வேளாண் அலுவலர்) கன்வீனர், விவசாயிங்களும் உறுப்பினர், எந்தெந்த சர்வே எண் நெல்வயல்னு டேட்டா பேங்க். சொந்தமா வீடு கட்ட வேற இடம் இல்லன்னா பஞ்சாயத்துல 10 சென்ட், நகராட்சில 5 சென்ட் வரைக்கும் வயல நிரப்ப அனுமதி கேக்கலாம். 2018ல திருத்தம் வந்து, டேட்டா பேங்க்ல சேராத நிலத்துக்கு கட்டணம் கட்டி மாத்திக்கலாம்னு ஆச்சு. லிஸ்ட்ல விட்டுப்போனா போச்சு, அவ்வளவுதான்.

ஓசூர்: அன்அப்ரூவ்ட் பிளாட் வாங்கலாமா, விலை பாதிதான்?

வேண்டாம். 2016 அக்டோபர் 20க்கு முன்னாடி உருவான மனைப்பிரிவுன்னாதான் வரன்முறைக்கே (அனுமதி இல்லாதத பின்னாடி முறைப்படுத்தறது) பேச்சு. பதிவுச் சட்டம் 22-ஏ படி அனுமதி இல்லாம விவசாய நிலத்த மனையா பிரிச்சு வித்தா பத்திரம் போட மாட்டாங்க.

அதே மன்னார்குடி தம்பி: பட்டால நஞ்சை, ஆனா மூணு வருஷமா தரிசா போட்டிருக்காங்க, ஏன்?

அடங்கல்ல தரிசுன்னு ஏறணும்னுதான். அப்புறம் "இங்க விவசாயமே நடக்கல"ன்னு மனு போடுவாங்க. விஏஓ ஆபீஸ்ல பழைய பசலி (வருவாய்த்துறை கணக்கு வருஷம்) அடங்கல் நகல் கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க, தலைவருக்கும் ஒரு காப்பி குடுத்து ஒப்புகை சீட்டு வாங்கிடுங்க.