கேட்டதும் கிடைத்ததும்: தேவைப்படும்போது மட்டும் கணக்கிடும் மொழிகள்

கேள்வி: பைத்தான் நிரல்மொழியில் ஜெனரேட்டர் (மதிப்புகளைக் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தரும் அமைப்பு) இருக்கும்போது, ஹாஸ்கெல் நிரல்மொழியின் 'சோம்பல் மதிப்பீடு' (தேவைப்படும்போது மட்டும் கணக்கிடுதல்) எந்த வகையில் வேறுபடுகிறது? (கல்லூரி மாணவி, ஜார்ஜ் டவுன், பினாங்கு)

பதில்: நம் லிட்டில் இந்தியா கடைகளில், கேட்ட பிறகுதான் தோசை கல்லில் ஊற்றப்படுகிறது; தட்டுகளில் வைத்த கறிகளோ முன்பே சமைத்தவை. பெரும்பாலான மொழிகள் கறித் தட்டைப் போன்றவை: ஒரு சார்புக்குள் (function) நுழையும் முன்பே அதன் உள்ளீடுகளைக் கணக்கிட்டுவிடும். 1990இல் முதல் வரையறை வெளியான ஹாஸ்கெலில் தோசைக்கல் முறையே பொதுவிதி. எனவே முடிவற்ற பகா எண் பட்டியலை எழுதி, முதல் ஐந்தை மட்டும் கேட்கலாம்.

ஜெனரேட்டரும் கேட்டால்தான் தரும் என்றாலும், ஒருமுறை படித்து முடித்தால் தீர்ந்துவிடும். ஹாஸ்கெலோ பெயரிட்ட மதிப்பை ஒருமுறை கணக்கிட்டதும், தேவை இருக்கும்வரை நினைவில் வைத்து மறுமுறை அதையே தரும். பக்கவிளைவுகள் (கோப்பை அழிப்பது, திரையில் எழுதுவது போன்ற வெளிச்செயல்கள்) சார்புகளிலிருந்து பிரிக்கப்பட்டிருப்பதால்தான் இது பாதுகாப்பாக இயல்கிறது; எப்போது நடக்கும் என்று தெரியாத கணக்கீட்டின் நடுவே ஒரு கோப்பு அழிக்கப்பட்டால் என்னாவது?

விலையும் உண்டு. பத்து லட்சம் எண்களைக் கூட்டும்போது, கூட்டாமலே ஒத்திவைத்த கணக்குகள், நிறைவேறாத ஆர்டர் சீட்டுகளைப் போல் குவிந்து நினைவகத்தை விழுங்கக்கூடும். அதனால் உடனே கணக்கிடச் சொல்லும் வழியும் ஹாஸ்கெலில் உள்ளது. ஓகேமல், ஸ்காலா ஆகிய நிரல்மொழிகள் இரண்டும் நேரெதிர்: உடனடிக் கணக்கீடே வழக்கம், சோம்பலைத்தான் 'லேசி' என்று கேட்டுப் பெற வேண்டும். அன்றாட வேலைக்கு எனக்கு இந்த இரு மொழிகளின் வழக்கமே பிடிக்கும்.