பெங்களூரிலிருந்து முதல் தடவை மழைக்காடு போக என்ன தயார் செய்யணும்?

மழைக்காடு என்றால் வருஷத்தில் பெரும்பகுதி ஈரமாகவே இருக்கும், இலை மொத்தமாக உதிராத அடர்காடு. நம் ஊருக்கு எட்டும் தூரத்தில் ஆகும்பே என்ற மழைக்காட்டு ஊர் இருக்கிறது, மெஜஸ்டிக்கில் ராத்திரி பஸ் ஏறினால் காலையில் மலைநாடு. பெங்களூரில் வருஷத்துக்குச் சுமார் 1,000 மில்லிமீட்டர் மழை என்றால் அங்கே 7,000-க்கு மேல். அரபிக்கடல் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி மேலே ஏறிக் குளிர்வதுதான் காரணம்.

உள்ளே மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் வெயிலும் காற்றும் இறங்காது. வெந்நீரில் குளித்துவிட்டுக் கதவைச் சாத்திய குளியலறை மாதிரி, எதுவும் காயாது. அதனால் ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம், நனைந்தால் நாள் முழுக்கக் கனக்கும். மெல்லிய நைலான் பேன்ட், மாற்று சாக்ஸ் ரெண்டு ஜோடி, போனுக்கு ஜிப் கவர் போதும்.

அப்புறம் ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி. முழங்கால் வரை இழுத்துக் கட்டும் அட்டை சாக்ஸ் வாங்குங்கள். கடித்தால் பதறாமல் நகத்தால் அதன் வாயை ஓரமாகத் தள்ளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்துவதால் கொஞ்ச நேரம் கசியும், தானே நின்றுவிடும்.

முதல் பயணத்துக்கு என் தேர்வு அக்டோபர். கொட்டும் மழை குறைந்திருக்கும், பச்சை மட்டும் குறையாது. உண்ணியால் பரவும் குரங்குக் காய்ச்சல் அதிகம் வருவது அதற்குப் பிந்தைய வறண்ட மாதங்களில்தான். வனத்துறை அனுமதியையும் முன்னாடியே கேட்டு வையுங்கள்.

காட்டுக்குள் கால் வைத்ததும் யானையும் புலியும் தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் இங்கே உயிர்களில் பெரும்பாலானவை தலைக்கு மேலே மர உச்சியில் இருக்கின்றன, நம் கண்ணில் படுவது தவளை, பூச்சி, காளான்தான்.